பிஎம் கிசான்: ஊருக்குப் பணம் வந்தது, பட்டியல் வந்ததா?

போனில் பிஎம் கிசான் இணையதளத்தைத் திறந்து, பயனாளிகள் பட்டியல் என்ற இடத்தைத் தட்டுங்கள். மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் என ஐந்து பெட்டிகளை நிரப்பினால், உங்கள் சொந்த ஊரில் யார் யாருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் போகிறது என்ற பெயர்ப் பட்டியல் வரும். பெரியப்பா பெயர் இருக்கும். ஊரை விட்டுப் போய் இருபது வருஷம் ஆன ஒருவர் பெயரும் இருக்கலாம். "இவருக்கு எப்படி?" என்று ஒரு கேள்வி எழும். அந்தக் கேள்வி எழுவதற்காகத்தான் இப்படிப்பட்ட பட்டியல்கள் வெளியிடப்படுகின்றன.

சரி, பட்டியல் எல்லோருக்கும் திறந்துதானே கிடக்கிறது? அப்படியானால் 2020ல், கொரோனா ஊரடங்கு நடந்துகொண்டிருந்த சில மாதங்களுக்குள், தமிழ்நாட்டில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாத பெயர்கள் அதற்குள் எப்படி நுழைந்தன? ஏன் ஊரில் யாரும் கத்தவில்லை?

கைதானவர்கள் எத்தனை பேர், மீட்கப்பட்ட தொகை எவ்வளவு என்ற செய்திகளோடு அந்த விவகாரம் அப்போதே முடிந்துபோனது. ஆனால் 'வெளிப்படைத்தன்மை' என்று அரசுகள் சொல்லும் விஷயம் தரையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கூடுதல் பணமா, முன்கூட்டி வந்த பணமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2020 மார்ச் 26 அன்று, நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய இரண்டாவது நாள், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். அதில் விவசாயிகளுக்கான அறிவிப்பு இதுதான்: 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே தலா 2,000 ரூபாய்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 2,000 ரூபாய் புதிய பணம் இல்லை. 2019 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு மூன்று தவணை உண்டு. ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் எப்படியும் வரவேண்டிய தவணையை, ஏப்ரல் தொடக்கத்திலேயே போட்டார்கள். அவ்வளவுதான். தை மாதச் சம்பளத்தைப் பொங்கலுக்கு முன்பே கொடுத்துவிட்டு, அதைப் 'போனஸ்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி.

இருந்தாலும் அந்த நேரத்தில் அது உதவியது என்பதை மறுக்க முடியாது. சந்தைகள் மூடிக்கிடந்தன, லாரிகள் ஓடவில்லை, பூவும் பழமும் வயலிலேயே கிடந்தன. கையில் இரண்டாயிரம் ரூபாய் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் தொடங்கியது. 'கொரோனா நிவாரணம்' என்ற பெயர் இந்தத் திட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. நிவாரணம் என்றால் கஷ்டப்படுகிற எல்லோருக்கும் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிஎம் கிசான் அப்படிப்பட்ட திட்டம் இல்லை. சொந்தப் பெயரில் சாகுபடி நிலம் இருப்பவருக்கு மட்டும்தான். அதிலும் வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர், டாக்டர், வக்கீல், இன்ஜினீயர் எல்லோருக்கும் கிடையாது. அரசு ஊழியரிலும் ஓய்வூதியரிலும் கடைநிலைப் பணியாளர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பாஸ்வேர்டு யார் கையில் இருந்தது?

2020 ஆகஸ்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கமிருந்து புகார்கள் வர ஆரம்பித்தன. செப்டம்பர் தொடக்கத்தில், அன்றைய வேளாண்துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி செய்தியாளர்களிடம் விவரங்களைச் சொன்னார். முறைகேடாகப் போன தொகை சுமார் 110 கோடி ரூபாய். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. மாநிலங்களவையில் மத்திய வேளாண் அமைச்சகம் தந்த பதிலின்படி, சோதித்த 5.95 லட்சம் கணக்குகளில் 5.38 லட்சம் தகுதியில்லாதவை. 13 மாவட்டங்களில் வழக்கு, 52 பேர் கைது. அதில் 19 பேர் ஒப்பந்தப் பணியாளர்கள்.

அந்த எண்ணை ஒரு நிமிடம் பாருங்கள். சோதித்ததில் பத்துக்கு ஒன்பது போலி. தெரியாமல் நடந்த சிறு தவறுகளைக் கூட்டினால் இப்படி ஒரு கணக்கு வராது. யாரோ உட்கார்ந்து, வரிசையாக, ஆயிரக்கணக்கில் ஏற்றியிருக்க வேண்டும்.

ஏற்றியது எப்படி? திட்டத்தின் பாதை இதுதான்: விவசாயி நேரடியாக இணையதளத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதிவு செய்வார். விண்ணப்பம் வேளாண்துறை வட்டார அலுவலரின் லாகினுக்குப் போகும். அவர் பட்டா, சிட்டாவோடு ஒப்பிட்டு ஒப்புதல் தருவார். பிறகு மாவட்டம், மாநிலம், மத்திய அரசு, கடைசியில் வங்கிக் கணக்கு. காகிதத்தில் நான்கு கதவுகள். நடைமுறையில், முதல் கதவின் சாவி வேறு ஆட்கள் கையில் இருந்தது. வட்டார, மாவட்ட அலுவலர்களின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒப்பந்தப் பணியாளர்கள் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று மத்திய அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொன்னது.

அரசு அலுவலகம் பக்கம் போய்ப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அதிகாரியின் பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் ஆபரேட்டருக்குத் தெரிந்திருப்பது சர்வசாதாரணம். "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார், நானே அப்ரூவ் பண்ணிடுறேன்" என்பது அலுவலக நடைமுறையாகவே ஆகிவிட்ட ஒன்று. ஊரடங்கில் ஃபீல்டுக்குப் போவதும் நின்றது. லாகின் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

பழி யார்மேல் என்பதில் வழக்கமான இழுபறி. விவசாயிகளே நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று மத்திய அரசு கொண்டுவந்த வசதிதான் காரணம் என்றார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. தகுதியைச் சரிபார்ப்பது மாநிலத்தின் பொறுப்பு என்று மத்திய அரசு சொல்லியது. இரண்டுமே உண்மைதான். இரண்டுமே பாதி உண்மைதான். கதவை அகலமாகத் திறந்தது ஒருவர். வாசலில் ஆள் இல்லாமல் விட்டது இன்னொருவர்.

"கொரோனா காசு வருது, ஆதார் கொடுங்க"

அந்த 5.38 லட்சம் பேர் யார்? 'போலி விவசாயிகள்' என்று தலைப்புச் செய்திகள் எழுதின. அந்தச் சொல் கொஞ்சம் கொடுமையானது. சிக்கியவர்களில் பலர் நிலமில்லாத கூலித் தொழிலாளர்கள். வேலை இல்லாமல் வீட்டில் முடங்கியிருந்தவர்களிடம் இடைத்தரகர்கள் வந்தார்கள். "மோடி கொரோனா காசு தர்றாரு. ஆதாரும் பாஸ்புக்கும் கொடுங்க, போதும்." பணம் வந்ததும் அதில் ஒரு பங்கு தரகருக்குக் கமிஷன். கணக்குப் போட்டால் 110 கோடியை 5.38 லட்சத்தால் வகுத்தால், ஆளுக்குச் சுமார் 2,000 ரூபாய். சராசரியாக ஒரே ஒரு தவணை.

பிறகு அரசு அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க ஆரம்பித்தது. கமிஷனாகப் போனதையும் சேர்த்துத் திருப்ப வேண்டியது கணக்கு வைத்திருந்தவர். அறுவடை நேரத்தில் அடுத்தவர் வயலில் குனிந்து வேலை செய்கிறவருக்கு, 'விவசாயி இல்லை' என்று அரசு அனுப்பிய முதல் கடிதம் ஒருவேளை அதுவாக இருந்திருக்கும்.

ஊரில் யார் பார்த்திருக்க வேண்டும்?

திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையில் ஒரு நல்ல வரி இருக்கிறது. தகுதியான பயனாளிகளின் பட்டியலைக் கிராம அளவில் வெளியிட வேண்டும். விடுபட்டவர்கள் முறையிட வாய்ப்புத் தர வேண்டும். எழுதியவருக்குக் கிராமம் தெரிந்திருக்கிறது. ஏனென்றால் யாருக்கு எத்தனை சென்ட் நிலம், அது யார் பெயரில் இருக்கிறது, யார் உழுகிறார் என்பது எந்தத் தரவுதளத்தையும்விட டீக்கடைக்கு நன்றாகத் தெரியும். நூறு பெயர்களை உரக்கப் படித்தால், "யாருப்பா அது?" என்ற குரல் பத்தாவது பெயரிலேயே வந்துவிடும்.

அந்தக் குரல் எழக்கூடிய இடம் கிராம சபை. 2020ல் மே 1 கிராம சபை நடக்கவில்லை. ஆகஸ்ட் 15 நடக்கவில்லை. அக்டோபர் 2 அன்று நடக்கவிருந்த கூட்டத்தைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தார்கள். தொற்றுதான் காரணம் என்றார்கள், புரிந்துகொள்ளலாம். ஆனால் டாஸ்மாக் திறந்திருந்தது என்பதை அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள்.

இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், வேலூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகிய முறைகேடு வெளிவந்த மாவட்டங்களில், 2020ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களே கிடையாது. மாவட்டப் பிரிவினையால் ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனது. மற்ற 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் முடிந்துவிட, இந்த ஒன்பதும் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. 2016 அக்டோபரில் பழைய உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகள் அங்கே தனி அலுவலர்கள் ஆட்சி.

தலைவர் இருந்திருந்தால் முறைகேடே நடந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் தலைவர்கள் இருந்தார்கள், அங்கேயும் நடந்தது. ஆனால் ஊரில் கேள்வி கேட்க ஒரு கூட்டமும் இல்லை, கேட்டால் பதில் சொல்ல ஒரு தலைவரும் இல்லை என்ற நிலையில், இணையதளத்தில் ஒரு பட்டியல் இருந்தது என்பதற்கு என்ன அர்த்தம்? அந்தப் பட்டியலிலும் பெயர் மட்டும்தான் வரும், பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். எந்த சர்வே எண், எவ்வளவு நிலம், எந்தத் தேதியில் யார் லாகினிலிருந்து ஒப்புதல் போனது என்பதெல்லாம் அதில் கிடையாது. பணம் வாங்கியவர் பெயரை ஊருக்கே காட்டுகிறார்கள். ஒப்புதல் தந்தவர் பெயரை யாருக்கும் காட்டுவதில்லை. வெளிப்படைத்தன்மை ஏன் எப்போதும் கீழ்நோக்கி மட்டுமே பாய்கிறது?

நூறு நாள் வேலைத் திட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அந்தச் சட்டத்தின் 17வது பிரிவே, கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. வேலை செய்தவர் பெயர், நாள், கூலி எல்லாம் வருகைப் பதிவேட்டில் இணையத்தில் கிடைத்தன. அங்கேயும் ஊழல் இல்லாமல் இல்லை. ஆனால் ஊழலைப் பிடிக்க ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். பிஎம் கிசானில் அந்த நாற்காலி இல்லை.

42 லட்சம் பேர், இரண்டு வகைத் தவறு

தமிழ்நாடு மட்டும்தானா? இல்லை. 2021 ஜூலையில் அன்றைய மத்திய வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமர் மக்களவையில் கொடுத்த கணக்கு: நாடு முழுவதும் தகுதியில்லாத 42.16 லட்சம் பேருக்கு 2,992 கோடி ரூபாய் போயிருக்கிறது. எண்ணிக்கையில் முதலிடம் அசாம், 8.35 லட்சம் பேர். அடுத்தது தமிழ்நாடு, 7.22 லட்சம். மூன்றாவது பஞ்சாப், 5.62 லட்சம்.

ஆனால் பணத்தைப் பார்த்தால் வரிசை மாறுகிறது. தமிழ்நாட்டில் போனது 340 கோடி. பஞ்சாபில் ஆட்கள் குறைவு, பணம் 437 கோடி. வகுத்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் ஆளுக்குச் சுமார் 4,700 ரூபாய், பஞ்சாபில் சுமார் 7,800. அதாவது இங்கே சராசரியாக இரண்டு மூன்று தவணைக்குள் நின்றது, அங்கே நான்கு தவணை வரை ஓடியிருக்கிறது. தமிழ்நாட்டில் அதிகம் பேர் நுழைந்தார்கள், சீக்கிரம் பிடிபட்டார்கள் என்றும் இதைப் படிக்கலாம். அவமானத்துக்கு நடுவே ஒரு சின்ன ஆறுதல்.

இந்த 42 லட்சத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. அதே ஆண்டு தொடக்கத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் பெறப்பட்ட ஒரு பதிலின்படி, அதுவரை கண்டறியப்பட்ட 20.48 லட்சம் பேரில் பாதிக்கும் மேல், 55 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோர், வருமான வரி கட்டுபவர்கள். இவர்களைப் பிடிக்க எந்தக் கிராம சபையும் வேண்டாம். வருமான வரித்துறையின் தரவோடு ஒருமுறை ஒப்பிட்டால் போதும். இரண்டும் ஒரே அரசின் கையில் இருக்கும் தரவு. முதல் தவணைக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஆக, தவறு இரண்டு வகை. வரி கட்டுபவரைக் கம்ப்யூட்டர் பிடிக்கும். நிலமே இல்லாதவரை ஊர்தான் பிடிக்கும். அரசு முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தது: இ-கேஒய்சி, ஆதார் இணைப்பு, நில ஆவண இணைப்பு. 2022 மே மாதம் 11வது தவணை 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் போவதாக அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் 12வது தவணை வந்தபோது 8 கோடிச் சொச்சம். நடுவில் காணாமல்போனவர்களில் எத்தனை பேர் போலி, எத்தனை பேர் ரேகை பதியாத கையோடு சேவை மைய வாசலில் நின்ற உண்மையான விவசாயிகள்? பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருப்பவர்கள் எத்தனை பேர்? ஊர்வாரியாக நீக்கப்பட்டவர் பட்டியலும் காரணமும் சேர்ந்து வெளியானால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். சேர்க்கப்பட்டவர் பட்டியல் மட்டும் போதாது.

அமெரிக்காவில் ஆரஞ்சுத் தோப்பு

இதே மாதங்களில் அமெரிக்காவிலும் விவசாயிகள் பெயரில் நிவாரணப் பணம் கொட்டியது. அங்கே பெயர்கள் எப்படி வெளியே வந்தன என்பது இங்கே உதவும்.

சிறு தொழில்களுக்குச் சம்பளப் பாதுகாப்புக் கடன் என்று ஒரு திட்டம். நிபந்தனைகளை நிறைவேற்றினால் திருப்பிக் கட்ட வேண்டாம். கடன் வாங்கியவர்களின் பெயரை வெளியிட மாட்டோம், அது வணிக ரகசியம் என்றார் நிதியமைச்சர் ஸ்டீவன் நூச்சின். பத்திரிகைகள் நீதிமன்றம் போயின. விண்ணப்பப் படிவத்திலேயே 'இந்த விவரங்கள் வெளியிடப்படலாம்' என்று எழுதியிருக்கிறதே என்று கேட்ட நீதிபதி, 2020 நவம்பரில் வெளியிடச் சொன்னார். டிசம்பர் 1 அன்று முழுப் பட்டியலும் வெளியானது.

அடுத்த சில மாதங்களில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. கடுங்குளிர் மாநிலமான மினசோட்டாவில் ஆரஞ்சுத் தோப்பு. பணக்காரர்களின் கடற்கரை மாளிகைகளுக்குப் பேர்போன பாம் பீச்சில் உருளைக்கிழங்குப் பண்ணை. இப்படி 378 போலி நிறுவனங்கள், பெரும்பாலும் பண்ணைகள், மொத்தம் 70 லட்சம் டாலர். பலவற்றுக்கும் தனிநபர் தொழிலுக்கான உச்சவரம்பை ஒட்டிய தொகை: 20,833 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 15 லட்சம் ரூபாய். குளிர்ப் பிரதேசத்தில் ஆரஞ்சு விளையாது என்று தெரிய ஆடிட்டர் தேவையில்லை. பெயரும் ஊரும் பயிரும் ஒரே வரியில் இருந்தால் போதும், பார்க்கிறவர் சிரித்துவிடுவார்.

வெளிவந்த கணக்கு இன்னொன்றையும் காட்டியது. அமெரிக்க வேளாண்துறையின் இரண்டு சுற்றுக் கொரோனா நேரடி உதவியில் போன ஏறக்குறைய 2,600 கோடி டாலரில், கறுப்பின விவசாயிகளுக்குப் போனது 2.08 கோடி டாலர்தான் என்று 2021 மார்ச்சில் வேளாண் அமைச்சர் டாம் வில்சாக் சொன்னார். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே விவசாயிகளில் கறுப்பினத்தவர் சுமார் 1.3 சதவீதம். இது திருட்டு இல்லை. விதிப்படியே கொடுக்கப்பட்ட பணம். நிறைய மாடும் நிலமும் இருந்தவருக்கு நிறைய. விதிப்படியே நடந்த அநியாயத்தைக் காட்டவும் கணக்கு வெளியே வர வேண்டியிருந்தது.

அப்போ தனியுரிமை?

"என் பெயரும் நான் வாங்குகிற பணமும் ஊருக்கே தெரியணுமா?" என்பது நியாயமான கேள்விதான். ஐரோப்பாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. வேளாண் மானியம் வாங்கும் தனிநபர்களின் பெயரை மொத்தமாக இணையத்தில் போடுவது அளவுக்கு மீறியது என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பிறகு விதியைத் திருத்தினார்கள். பெயர்கள் மறுபடி வெளியாகும், ஆனால் சிறு தொகை வாங்குபவரின் பெயர் மறைக்கப்படும். எல்லை 1,250 யூரோ.

அந்த வழியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும்? பிஎம் கிசானில் எல்லோருக்கும் சிறு தொகைதான், மாதத்துக்கு 500 ரூபாய். எல்லையை எங்கே வைத்தாலும் பட்டியல் முழுக்க மறைந்துவிடும். சிறு தொகை கோடிக்கணக்கானவருக்குப் போகும் நாட்டில், திருட்டும் சிறு தொகையாகத்தான் நடக்கும். 110 கோடி போனது இரண்டாயிரம் இரண்டாயிரமாகத்தான்.

எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பதில் குழப்பம் எவ்வளவு ஆழம் என்பதற்கு இதே இணையதளமே சாட்சி. 2022ல் பிஎம் கிசான் தளத்தின் ஒரு பகுதியில் விவசாயிகளின் ஆதார் எண்கள் வெளியே தெரிந்துகொண்டிருந்ததை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தார். திட்டத்தில் பதிவு செய்திருந்தவர்கள் 11 கோடிக்கும் மேல். ஓட்டை பிறகு அடைக்கப்பட்டது. கடைசி வரை மூடியிருக்க வேண்டிய ஆதார் எண் திறந்து கிடந்தது. திறந்திருக்க வேண்டிய ஒப்புதல் விவரம் மூடியே இருக்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவில், யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டியவற்றின் பட்டியல் உண்டு. மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, எவ்வளவு ஒதுக்கீடு, பயனாளிகள் யார் என்ற விவரமும் அதில் அடக்கம். 2005லேயே எழுதப்பட்ட விதி. ஆனால் 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கிவிடுகிறது. முன்பு, பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம். திருத்தத்தில் அந்த வேறுபாடு போய், 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒரே சொல் நிற்கிறது. பொது நலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறதே என்று அரசு தரப்பு சொல்கிறது. இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தலாமா என்று முடிவெடுப்பது அதே அலுவலகத்தின் அதிகாரி. தன் லாகினிலிருந்து போன ஒப்புதல்களை ஒருவர் கேட்கும்போது, அதில் பொது நலன் பெரிது என்று அவரே எழுதித் தருவார் என்று எதிர்பார்க்க வேண்டும்.

பட்டியலில் வரவே முடியாதவர்

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம், மரக்காணம் பக்கம் தர்பூசணி அதிகம். ஏப்ரல், மே வெயில்தான் அதற்குச் சந்தை. அங்கே ஒரு குத்தகை விவசாயியை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஏக்கர் குத்தகை, வட்டிக்கு வாங்கிய பணம், விதை, உரம், ஆள்கூலி எல்லாம் அவருடையது. 2020 ஏப்ரலில் காய் பழுத்து நிற்கிறது, வாங்க வண்டி வரவில்லை. நஷ்டம் முழுக்க அவருக்கு. நிவாரணமாக வந்த 2,000 ரூபாய் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் நில உரிமையாளரின் கணக்கில் ஏறியிருக்கும், அதுவும் முழுக்கச் சட்டப்படி.

பெரும்பாலான குத்தகை வாய்மொழிதான். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய தமிழ்நாட்டில் 1969லேயே சட்டம் இருக்கிறது. எழுதிக்கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்று உரிமையாளருக்குப் பயம். கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காதோ என்று உழுபவருக்குப் பயம். ஒடிசாவின் காலியா திட்டத்தில் நிலமற்றவர்களையும் பங்கு சாகுபடியாளர்களையும் சேர்த்தார்கள். ஆந்திராவில் குத்தகைதாரருக்கென்று சாகுபடியாளர் அட்டை கொடுத்து உதவியோடு இணைத்தார்கள். இரண்டிலும் குறைகள் உண்டு. ஆனால் உழுபவர் பெயரை எழுத ஒரு பத்தியாவது அந்தப் படிவத்தில் இருந்தது.

'போலி விவசாயி' என்று பிடிபட்டவர்களுக்குள் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்த அரசுக் கணக்கும் பிரித்துச் சொல்லவில்லை. உண்மையில் உழுதவர், ஆனால் பட்டா இல்லாதவர், தரகர் பேச்சை நம்பி ஆதாரைக் கொடுத்தவர். சட்டப்படி அவர் தகுதியில்லாதவர். விசாரணைக் கோப்பில் அவரும் தரகரும் ஒரே பக்கம்.

இப்போது தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்களில் பலருக்கு இவற்றில் பாதி விடுமுறை நாள். ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர் எழுந்து நின்று கேட்கலாம். நம்ம ஊரில் பிஎம் கிசான் வாங்குபவர் எத்தனை பேர்? போன வருஷம் எத்தனை பெயர் நீக்கப்பட்டது, என்ன காரணம்? குத்தகைக்கு உழுபவர் எத்தனை பேர்? முதல் கேள்விக்குப் பதில் போனிலேயே இருக்கிறது. மற்ற இரண்டையும் தீர்மானமாக எழுதி, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.